பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று

யுத்தம் முடிந்த அந்த ஆண்டில், மே மாதம் வரைக்கும், ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த ஆண்கள் அத்தனை பேரும் பீரங்கி நிபுணர்கள். நானும்தான். பிளாசாவில் இருந்த கோப்பிக் கடையில் மாலையில் கூடுவோம். சீனிப் பக்கற்றுகளை மேசையில் வரிசையாக அடுக்கி இது வீதி என்போம். கோப்பி மூடியை வைத்து இது வாவி என்போம். எந்த எறிகணை எத்தனை கிலோமீற்றர் போகும் என்பதைத் தசம புள்ளியோடு சொல்லக்கூடியவர்கள் எங்களில் நான்கு பேராவது இருந்தார்கள். ஒருவர் பஸ் சாரதி, ஒருவர் கணக்காளர். நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில், உங்களுக்கு நட்டஈடு கிடைக்காது என்பதை மரியாதையாக எழுதி அனுப்பும் வேலையில் இருந்தேன். துவக்கைத் தொட்டவர்கள் எங்களுக்குள் ஒருவரும் இல்லை. துவக்கால் தொடப்பட்டவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் பேசாமல் கோப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு விஷயம் விளங்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இந்தச் சபைக்குத் தலைவர் என்னுடைய அத்தான், அக்காவின் கணவர். பகலில் கார்க் கதவுகளுக்கு உட்பலகை பூட்டும் தொழிற்சாலையில் வேலை. "இன்னும் ஒரு மாதம். எல்லாம் மாறும்" என்று அவர் சொன்னால் அதை நான்கு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் தொலைபேசியில் கொண்டுபோகச் சனம் இருந்தது. மாதம் முடிந்தது. மாறத்தான் செய்தது. அதன் பிறகு கோப்பிக் கடையில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை; ஒருவரும் வரவில்லை, அவ்வளவுதான்.

அத்தான் பேச்சை நிறுத்தினார். வேலைக்குப் போனார், வந்தார், டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் இருந்த அவர்களுடைய வீட்டின் பல்கனிக் கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். சாப்பாடு வேண்டுமா என்றால் ஓம். வேண்டாமா என்றாலும் ஓம். அக்கா முதல் மாதம் அழுதாள், இரண்டாம் மாதம் திட்டினாள், மூன்றாம் மாதம் என்னைக் கூப்பிட்டாள்.

"நீ புத்தகம் வாசிக்கிறனி எல்லே. இந்த மனிசனோட ஏதாவது கதை."

கதைத்தேன். ஒரு மணி நேரம் நான் கதைத்ததற்கு அவர், "ம்" என்றார். என் வாழ்க்கையில் கிடைத்த மிகக் கறாரான விமர்சனம் அதுதான்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது, யாரும் எதுவும் கேட்காமலே, அத்தான் வாயைத் திறந்தார்.

"நான் மான் வேட்டைக்குப் போகப்போறன்."

அக்கா கறிக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். விஷயம் இதுதான்: தொழிற்சாலையில் அவருடைய சுப்பர்வைசர் ஒரு கனடியர். வடக்கே காட்டுக்குள் அவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் ஒரு மரக் குடிசை இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு கிழமை அங்கே போய் மான் வேட்டையாடுவார்கள். அந்த வருடம் ஒரு இடம் காலியாகிவிட்டது. காலி செய்தவர் சுப்பர்வைசரின் தம்பி, இறந்துவிட்டார். அந்தத் தம்பியின் துவக்கை அத்தானுக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்களுக்குத் தெரியாமல் கோடை முழுவதும் அத்தான் சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று சொல்லிப் போய், துவக்கு அனுமதிக்கும் வேட்டை அனுமதிக்கும் வகுப்புக்களை முடித்து, சோதனையும் எழுதி, தொண்ணூறுக்கு மேல் எடுத்திருந்தார்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள்?" என்றாள் அக்கா. "இப்ப நீங்கள் அதைத் தேடிப் போறியளோ?"

"அது வேற. இது மான்."

"மானுக்கு அது தெரியுமோ?"

ஆனால் அவள் சண்டை பிடிக்கவில்லை. நாலு மாதத்தில் அந்த மனிதர் வேண்டும் என்று கேட்ட முதல் பொருள் அது. அவர் யானை வேட்டைக்குப் போகிறேன் என்றிருந்தாலும் அக்கா இடியப்பம் கட்டிக் கொடுத்திருப்பாள்.

ஒரு நிபந்தனை இருந்தது. அந்தக் குடிசைக்காரர்களுடைய வழக்கம்: பருவம் தொடங்குமுன், துவக்குத் தூக்கிப் போகிற ஒவ்வொருவனும் இருநூறு மீற்றரில் ஒரு கடதாசித் தட்டில் மூன்று சூடு வைக்க வேண்டும். மூன்றும் தட்டுக்குள் இருக்க வேண்டும். பிறந்தநாள் வீடுகளில் எங்கள் ஆட்கள் றோல்ஸும் கேக்கும் வைத்துக் கொடுக்கிற அதே தட்டுத்தான். மானின் நெஞ்சும் அந்த அளவு என்பது அவர்களுடைய கணக்கு. தட்டில் வைக்கத் தெரியாதவன் மானைக் காயப்படுத்திக் காட்டுக்குள் ஓட விடுவான். ஆகவே அவன் வரக்கூடாது. சுப்பர்வைசர் தன்னுடைய சொந்த மருமகனையே அப்படி ஒரு வருடம் வீட்டில் நிற்பாட்டியவர்.

அத்தான் துவக்கைக் கொண்டுவந்தார். அதற்குப் போடும் சன்னங்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் வாசிக்கிறவன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை; எங்கள் சமூகத்தில் வேறு தகுதியும் கேட்பதில்லை. நூலகத்துக்குப் போய் நீண்டதூர வேட்டை பற்றித் தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தேன். அதில் சன்னத்தின் நிறை பற்றிய அத்தியாயம் அழகாக எழுதப்பட்டிருந்தது. நீளமான, பாரமான சன்னம் காற்றை நன்றாக வெட்டும், பக்கக் காற்றுக்கு அசையாது, தூரம் போனாலும் வேகத்தை விடாது. அடுத்த அத்தியாயம் துவக்குக் குழலைப் பற்றியது. அதில் கணக்குகள் இருந்தன. கணக்குகள் உள்ள அத்தியாயங்களை நான் சிறு வயதிலிருந்தே மரியாதையுடன் தாண்டிச் செல்பவன்.

ஆகவே அந்தத் துவக்கின் விட்டத்துக்குக் கிடைத்தவற்றில் அதிகப் பாரமானது எதுவோ அதுதான் என்று முடிவு செய்தேன். நூறு கிரெயின்; சன்னத்தின் நிறையை அந்த அளவில்தான் சொல்வார்கள். இந்த முடிவை எங்கள் ஊர் ஆண் எவனும் புத்தகமே இல்லாமல் எடுத்திருப்பான் என்பது பிறகுதான் உறைத்தது.

கடைக்கு இருவரும் போனோம். வெள்ளைச் சேர்ட் போட்டு, விசா நேர்முகத்துக்குப் போகிறவர்கள்போல. கவுண்டருக்குப் பின்னால் தாடி வைத்த பெரிய மனிதர் ஒருவர் நின்றார். என்ன வேட்டை என்று கேட்டார். "மான்" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில், கொஞ்சம் உரத்து. அவர் எதையும் கேட்பதற்கு முன்பே அத்தான் துவக்கு அனுமதி அட்டை, சாரதி அனுமதி, சுகாதார அட்டை, குடியுரிமை அட்டை எல்லாவற்றையும் கண்ணாடிமேல் பரப்பினார். மனிதர் முதலாவதை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றை ஒரு விரலால் திருப்பித் தள்ளினார். நான் நூறு கிரெயின் என்றேன்.

அப்போது அவர் கேட்டார், உங்கள் குழலின் ட்விஸ்ட் என்ன என்று தெரியுமா?

"தெரியும்" என்றேன்.

தெரியாது. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. ஆனால் சோதனைச் சாவடிகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். "தெரியாது" என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அடுத்த கேள்வி வந்தால் பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டும். அந்த வருடம் எங்கள் சனம் யுத்தத்தை நிறுத்தச் சொல்லிப் பெருந்தெருவை மறித்துப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வேறு வந்திருந்தது. துவக்குக் கடையில் நிற்கும் இரண்டு தமிழர்கள் துவக்கைப் பற்றித் தடுமாறக் கூடாது என்று எனக்குப் பட்டது. சிரித்தேன். அத்தானும் சிரித்தார். தாடிக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் பெட்டியை எடுத்துத் தந்தார்.

ஒக்டோபர் நடுவில், நன்றிநாள் விடுமுறைக்கு அடுத்த சனிக்கிழமை, சோதனை. நகரத்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்தில் இருந்த சுடுதளம். புல்லில் உறைபனி. சுப்பர்வைசர் தொப்பிக்குள் ஒரு தொப்பி போட்டிருந்தார். பெரிய மட்டையொன்றில் கடதாசித் தட்டை அடித்து இருநூறு மீற்றரில் நிறுத்தினார்கள். அத்தான் மேசையில் துவக்கை மணல் பையில் வைத்து, வகுப்பில் சொன்னபடி மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, சுட்டார். மூன்று முறை. கை ஆடவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன், ஆடவில்லை.

சுப்பர்வைசர் தொலைநோக்கியால் பார்த்தார். தட்டின் ஓரத்தில் ஒன்று. மற்ற இரண்டும் எங்கோ மட்டையில். அவர் நல்ல மனிதர்; கொஞ்ச நேரம் தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, குடிசையில் சமைக்கவும் ஒரு ஆள் தேவைதான் என்றார்.

அத்தான், "ஓகே" என்றார்.

பதினைந்து நாளில் இன்னொரு சனிக்கிழமை இருக்கிறது, பருவத்துக்கு முன் கடைசி, விருப்பமென்றால் வா என்றும் சுப்பர்வைசர் சொன்னார். அதற்கும் "ஓகே".

மட்டையைக் கழற்றி வரப் போனவன் நான். கிட்டப் போய்ப் பார்த்தபோது, துளைகள் வட்டமாக இல்லை. நீளமாக இருந்தன, தபால்பெட்டி வாய் மாதிரி. சன்னம் மூக்கால் போகாமல் விலாவால் போய் விழுந்திருந்தது. இது சரியில்லை என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தை மட்டையோடு சேர்த்து நாலாக மடித்துக் கார் டிக்கியில் போட்டேன். ஒருவரிடமும் காட்டவில்லை. காட்டியிருந்தால் சுப்பர்வைசர் ஒரு விநாடியில் சொல்லியிருப்பார்.

திரும்பி வரும் வழியில் அத்தான் ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"நாப்பது கிலோமீற்றர் போற சாமானுக்கெல்லாம் விளக்கம் சொன்ன வாய், மச்சான். இருநூறு மீற்றரில ஒரு கேக் தட்டு."

வீட்டுக்கு வந்து அக்காவிடம், தன்னால் ஏலாது, தான் போகவில்லை என்று சொல்லிவிட்டுக் கதிரைக்குப் போனார்.

மறுநாள் நூலகம் திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். தாண்டிய அத்தியாயத்தை வாசித்தேன். துவக்குக் குழலின் உள்ளே நீளத்துக்குத் திருகித் திருகிப் போகும் வரிகள் இருக்கின்றன. அவை சன்னத்தைப் பம்பரம்போலச் சுழற்றி அனுப்புகின்றன. சுழன்றால்தான் மூக்கு முன்னால் நிற்கும். எத்தனை அங்குலத்துக்குள் ஒரு முழுச் சுற்று வருகிறது என்பதுதான் அந்தத் தாடிக்காரர் கேட்ட ட்விஸ்ட். நீளமான பாரமான சன்னத்துக்கு வேகமான சுழற்சி வேண்டும், ஒன்பது பத்து அங்குலத்துக்குள் ஒரு சுற்று. சில பழைய துவக்குகளில் பன்னிரண்டு அங்குலத்துக்குத்தான் ஒரு சுற்று. அவை கட்டையான இலேசான சன்னங்களுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் பாரமானதைப் போட்டால் சுழற்சி போதாமல் அது தலைகீழாகும். குளிர் காற்று அடர்த்தியானது. அதில் இன்னும் மோசமாகும். பக்கத்தின் கீழே ஒரு படம் போட்டிருந்தார்கள். அது என் கார் டிக்கியில் இருந்த மட்டையின் படம்.

ஒரு நேர்மையான மனிதன் அங்கிருந்து நேரே டோர்செட் பார்க்குக்குப் போயிருப்பான். நான் யூனியன்வில்லில் இருந்த என் வீட்டுக்குப் போய் நாலு நாள் யோசித்தேன். என் யோசனைகள் எல்லாம், நான் சொல்லாமலே அத்தானுக்கு இது எப்படித் தெரியவரலாம் என்பதைப் பற்றியவை. நட்டஈட்டை மறுக்கும் கடிதங்களில் நாங்கள் பயன்படுத்தும் சொற்களால் ஒரு விளக்கம்கூட மனதில் எழுதி வைத்தேன்: எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்கள்.

ஐந்தாம் நாள் அக்கா தொலைபேசி எடுத்தாள். "அந்தத் துவக்கைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுறார். நாளைக்கு நீ ஏத்திக்கொண்டு போவியோ?"

மட்டையை எடுத்துக்கொண்டு போனேன். சமையலறை மேசையில் விரித்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்கள் வாய்க்குள் வரவில்லை. "நான் பிழையான சன்னம் வாங்கித் தந்திட்டன் அத்தான்" என்றுதான் வந்தது.

அத்தான் நீளமான துளைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். 

"எப்ப கண்டனீ?"

"அண்டைக்கே."

"அண்டைக்கே."

"ஓம்."

அவர் எழுந்து போய், பூட்டைத் திறந்து, துவக்கைக் கொண்டுவந்து, பின்பகுதியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது எத்தினை அங்குலம் எண்டு அளக்க வழி இருக்கோ, அந்தப் புத்தகத்தில?"

இருந்தது. துப்புரவாக்கும் கம்பியின் முனையில் இறுக்கமாகத் துணி சுற்றிக் குழலுக்குள் தள்ள வேண்டும். வரிகளைப் பிடித்துக்கொண்டு கம்பி தானாகச் சுழலும். கம்பியில் ஒரு அடையாளம் வைத்து, அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவர எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று அளந்தால் சரி. அத்தான் தள்ளினார். நான் கம்பியில் ஒட்டிய சிவப்பு நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அளக்கும் கருவி ஒன்றும் இல்லாமல் நின்றபோது, அக்கா சாரிச் சட்டை தைக்கிற அங்குல நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"தள்ளுங்கோ அங்கால. நீங்கள் ரெண்டுபேரும் அளந்தது காணும்."

குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு முறை அளந்தாள்.

"பன்னிரண்டு. ஒரு நூல் கூட."

"அப்ப என்ர கையில பிழையில்லை" என்றார் அத்தான், மெதுவாக. பிறகு என்னைப் பார்த்தார். மேயிலிருந்து சேர்த்து வைத்திருந்த பேச்சில் ஒரு பகுதி என்மேல் வந்தது. என் படிப்பு, என் கண்ணாடி, என்னைப் பெற்றவர்கள் என்னைக் கம்பஸுக்கு அனுப்பியதால் நாட்டுக்கு வந்த நட்டம் எல்லாவற்றையும் அவர் வரிசையாகத் தொட்டுச் சென்றார். மிக நன்றாக இருந்தது. அக்கா இடையில் குறுக்கிடாமல் தேத்தண்ணி போட்டாள். அவளுடைய முகத்தைப் பார்த்தால் கச்சேரி கேட்கிறவள்போல இருந்தது.

அவர் மூச்சு வாங்கியபோதுதான் அவள் கேட்டாள்: "கடைக்காரன் ஒண்டும் கேக்கேல்லையோ?"

அத்தான் மட்டையை மடிக்கத் தொடங்கினார்.

"கேட்டவன்" என்றேன்.

"கேட்டதுக்கு?"

"தெரியும் எண்டு சொன்னனான்."

அக்கா தேத்தண்ணியை எனக்கு முன்னால் வைத்தாள். சீனி போடவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மறுபடியும் அதே கடை. காருக்குள் அத்தான் சொன்னார், "நீ வாய் திறக்கக்கூடாது." கவுண்டரில் அதே தாடிக்காரர். இந்த முறை அத்தான் ஒரு அட்டையைத்தான் வைத்தார். மட்டையை விரித்தார். பிறகு, கோப்பிக் கடைத் தலைவராக இருந்த பன்னிரண்டு வருடத்தில் நான் அவர் வாயிலிருந்து கேட்டிராத ஒரு வசனத்தை ஆங்கிலத்தில் சொன்னார்: எங்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

தாடிக்காரருடைய முகம் மலர்ந்ததை என்ன சொல்வது. அவர் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்துவிட்டார். நாற்பது நிமிடம் பேசினார். துளைகளைத் தடவிப் பார்த்து, இதைத் தன் சுவரில் மாட்டலாமா என்று கேட்டார். அந்தக் காலத்து அந்த மாதிரித் துவக்கை வாங்கிய எல்லோருமே ஒரு தடவையாவது இந்தப் பிழையை விட்டிருக்கிறார்கள் என்றார். தன் தகப்பன் உட்பட. எண்பது கிரெயினில், மானுக்கென்று உறுதியாகச் செய்யப்பட்ட கட்டையான சன்னம் ஒன்றை எடுத்துத் தந்தார். ஒன்றை மட்டும் சொன்னார்: இது இலேசானது, தூரத்தில் காற்று இதைத் தள்ளும், இருநூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் மானுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நீண்டதூர வேட்டை என்று நான் வாசித்த புத்தகத்தின் முக்கால்வாசி அந்த ஒரு வசனத்தில் போயிற்று.

கடைசிச் சனிக்கிழமை முன்னையதைவிடக் குளிர். காற்றும் கொஞ்சம் இருந்தது. அத்தான் கையுறையைக் கழற்றி, மேசையில் உட்கார்ந்து, நிறைய நேரம் எடுத்தார். பின்னால் நின்ற சுப்பர்வைசர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். பதினோராம் மாடிக் கதிரை எனக்கு ஞாபகம் வந்தது. இது பிழைத்தால் அந்த மனிதர் அதில் போய் உட்காருவார், இந்த முறை எழுப்ப என்னிடம் மட்டைகூட இல்லை.

முதலாவது. இரண்டாவது. மூன்றாவதற்கு முன் அவர் துவக்கைக் கீழே வைத்து, கையைச் சூடாக்கி, மறுபடி எடுத்தார்.

சுப்பர்வைசர் தொலைநோக்கியால் பார்த்தார். தளத்தில் சூடு நின்றதும் தானே நடந்து போனார். நாங்கள் பின்னால் போனோம். தட்டில் மூன்று வட்டமான துளைகள், இடது பக்கம் கீழே. ஒன்று விளிம்புக்கு ஒரு விரலளவு உள்ளே. அவர் பேனாவை எடுத்து அத்தானுடைய பெயரைத் தட்டில் எழுதினார். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. அத்தான் திருத்தவில்லை. தட்டைக் குடிசைச் சுவரில் மற்றத் தட்டுக்களோடு மாட்டுவார்களாம். வெள்ளிக்கிழமை விடிய ஐந்து மணிக்குக் கட்டடத்துக்குக் கீழே நில், கம்பளிக் காலுறை மூன்று சோடி கொண்டுவா என்றார் சுப்பர்வைசர்.

திரும்பும் வழியில் அத்தான் நெடுஞ்சாலை முழுவதும் கதைத்தார். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, மூன்றாவதுக்கு முன் ஏன் நிறுத்தினார், மான் எந்த நேரத்தில் தண்ணிக்கு வரும். எனக்கு எதுவும் விளங்கவில்லை. நான் ஓம், ஓம் என்றேன்.

ஸ்காபரோவுக்குள் வந்ததும் ஒரு பெரிய கடையில் காலுறை வாங்க இறங்கினோம். அங்கே கம்பளிக் காலுறைகள் ஒரு சுவர் முழுவதும் தொங்கின. மெல்லியது, தடித்தது, பாதி நூல் கலந்தது, முழங்கால் வரை ஏறுவது. அத்தான் தடித்தது ஒன்றைக் கையில் எடுத்து நிறை பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் காலுறைகளைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது; வாசித்திருக்கிறேன். அதைச் சொல்லாமல், அங்கே வேலை செய்த பெண்ணை அவருக்குக் காட்டினேன்.